குளோசப்புக்கு ஆகாத கை

எங்கள் கேமரா அரை நிமிடம்கூடத் தொடர்ந்து ஓடாது. பக்கவாட்டில் ஒரு பிடி இருக்கும். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல அதை முறுக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், உள்ளே சுருண்டிருக்கும் வில் விரியும், ஃபிலிம் ஓடும். இருபத்தெட்டு நொடி. அதற்குமேல் தானாக நின்றுவிடும். சங்கு குளிக்கிறவர்களோ ஒரு மூச்சுக்கு ஒரு நிமிடம், அதற்கு மேலும் அடியில் இருப்பார்கள். ஆக, ஒரு ஆள் கடலுக்குள் இறங்கி மேலே வருவதை முழுசாக ஒரே ஷாட்டில் எடுக்க அந்தக் கேமராவால் ஆகாது. நடந்ததற்கெல்லாம் பிறகு டைரக்டர் கேமராவைத்தான் குறை சொன்னார். நானும் கொஞ்ச நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்கிறேன், கேமராவின்மேல் ஒரு தப்பும் கிடையாது.

எழுபத்திரண்டோ எழுபத்துமூன்றோ, சரியாக நினைவில்லை. எனக்கு இருபத்தாறு வயது. தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து மெட்ராஸுக்குப் போய், குறும்படங்கள் எடுக்கும் ஒரு சின்ன யூனிட்டில் உதவிக் கேமராமேனாகச் சேர்ந்திருந்தேன். உதவி என்றால் பெட்டி தூக்குவது, லென்ஸ் துடைப்பது, டேப் வைத்துத் தூரம் அளப்பது. அந்த யூனிட்டுக்கு முத்துக்குளிப்பைப் பற்றிப் படம் எடுக்கும் வேலை வந்தது. முத்துக்குளிப்பு நடந்தே பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்று சொன்னேன். "அதனாலென்ன, நடந்த மாதிரி எடுத்துக்கொள்ளலாம்" என்றார் டைரக்டர். ஊர்க்காரன் என்பதால் ஆள் பிடிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

முதல் இரண்டு நாள் துறைமுகத்தில் எடுத்தோம். டைரக்டருக்கு நகரும் ஷாட் என்றால் உயிர். மெட்ராஸிலிருந்து டிராலி கொண்டுவர வசதியில்லை. கடலுக்குள் நீண்டிருந்த துறைமுகப் பாலத்தில் சரக்கு வேகன் போகத் தண்டவாளம் கிடந்தது. தண்டவாளம் பார்க்கிறவர்கள் தள்ளிக்கொண்டு போகும் வண்டியைக் கேட்டு வாங்கி, அதன்மேல் என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டார். மூட்டை தூக்கும் ஆள் ஒருவன் பின்னாலிருந்து தள்ளினான். வரிசையாக உப்பு மூட்டைகள் கடந்துபோயின. மூட்டைகள் முடிந்த இடத்தில் ஒரு வேட்டி தெரிந்தது. அந்த வேட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். சரக்கு எடுக்க வந்த என் அப்பா.

"ஏலே, இப்படிக் கவுந்து கெடக்கவா மெட்ராஸுக்குப் போன?"

பாலமே சிரித்தது. தள்ளினவனும் சிரித்தான், வண்டி குலுங்கியது, ஷாட் போயிற்று. டைரக்டர் திட்ட வந்தவர் தள்ளினவனின் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நரம்பு புடைத்த, நீளமான விரல்கள் கொண்ட, உப்புப் படிந்த கறுத்த கை. இரண்டு உள்ளங்கைகளையும் சட்டம்போலச் சேர்த்து அந்தக் கையை அதற்குள் வைத்துப் பார்த்தார். அதன் விளைவு எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

குளிப்பதற்கு நான் பிடித்த ஆள் தெரேஸ்புரத்துப் பக்கம் கடற்கரையில் குடியிருந்தவர். நாற்பது வயது இருக்கும். கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் குளித்தவர், இப்போது சங்கு குளித்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். அவருக்குக் கயிறு பிடித்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். முத்துக்குளிப்பில் அது வழக்கம். குளிக்கிறவனின் உயிர் கயிற்றில் இருக்கிறது. கயிற்றை மனைவியுடன் பிறந்தவன் பிடிக்க வேண்டும். தன் தங்கை தாலியைத் தானே அறுக்கமாட்டான் என்ற கணக்கு. அந்தக் கரையில் இதை யாரும் பெரிய விஷயமாகச் சொல்லமாட்டார்கள். கல்யாணம் பேசும்போதே பெண்ணுக்கு அண்ணன் தம்பி உண்டா என்று கேட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்.

மச்சானுக்கு வலது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் தோணியில் பாய் இறக்கும்போது கப்பியில் சிக்கிப் போய்விட்டன.

டைரக்டர் ஒரு நோட்டில் எல்லா ஷாட்டையும் கட்டம் போட்டு வரைந்து வைத்திருந்தார். வைட் ஷாட்டில் வள்ளமும் கடலும் ஆளும் கல்லும். குளிக்கிறவர் ஒரு கல்லை, அதில் கட்டிய மிதிவளையத்தில் கால் நுழைத்து, ஏறி மிதித்துக்கொண்டு இறங்குவார். கல்லின் பாரம் அவரை அடிக்குக் கொண்டுபோகும். ஒத்திகையில் பார்த்தால், தூரத்திலிருந்து கல் கூழாங்கல் மாதிரித் தெரிந்தது. "பெரிய கல் வேண்டும்" என்றார். பெரிய கல் வந்தது. அடுத்தது மிட் ஷாட், இடுப்புக்கு மேலே ஆளும் கயிறும். வழக்கமாக இரண்டு கயிறு இருக்கும். ஒன்று கல்லுக்கு, இன்னொன்று ஆளுக்கு. ஆள் அடியில் இறங்கியதும் கல்லைத் தனியாக மேலே இழுத்துவிடுவார்கள். இரண்டு கயிறு இருந்தால் பார்க்கிறவனுக்குக் குழப்பம், கல்லுக்கும் ஆளுக்கும் சேர்த்து ஒன்று போதும் என்றார் டைரக்டர். அந்த ஒன்றும் தார் பூசிய பழைய கயிறு, தண்ணீரில் தெரியவில்லை. வெள்ளையாகப் புதுக் கயிறு வாங்கிவரச் சொன்னார். நான்தான் கடைக்குப் போய் வாங்கிவந்தேன்.

கடைசியில் குளோசப். கயிறு பிடித்த கை மட்டும். கயிறு மெல்ல நடுங்க வேண்டும், அதிலிருந்து கேமரா டில்ட் ஆகித் தண்ணீருக்கு இறங்க வேண்டும். மச்சானின் கையைப் பார்த்ததும் டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தக் கை குளோசப்புக்கு ஆகாது. ஜனங்கள் விரலை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்தத் துறைமுகத்து ஆளைக் கூப்பிடு."

சொல்லிப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் குளிக்கிறவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்தார். மீன் கழுவிக்கொண்டிருந்த அந்த அக்கா கையைக்கூடத் துடைக்காமல் எழுந்துவிட்டாள்.

"வேத்தாளா? மாதாவே! ஏன் தம்பி, எங்கண்ணன் என்ன செத்தா போனாவ?"

"இல்லக்கா, அவரும் வள்ளத்துலதான் இருப்பாரு. படத்துல மட்டும் கை தெரியாது."

"படத்துல தெரியாதவன் கயித்த எப்படிப் பிடிப்பான்?"

"ஒரே ஒரு ஷாட்டுதான்க்கா. அரை நிமிசம்கூட வராது."

"அந்த அரை நிமிசத்துலதான எல்லாம் இருக்கு."

"அஞ்சு பாகம், முப்பதடி ஆழம்தான். ஒண்ணும் ஆகாது. நானும் அங்கனதான இருப்பேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். எங்கள் கடையில் சாமான் வாங்குகிறவள்தான், என் அப்பாவைத் தெரியும். கடைக்கார அண்ணாச்சி மகன் பொய் சொல்லமாட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். "சரி, உன்ன நம்பித்தான்" என்றாள். குளிக்கிறவர் எழுந்து பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார்.

படம் எடுக்கிறவர்கள் கதை வரிசையில் எடுப்பதில்லை. மறுநாள் காலையில் முதலில் எடுத்தது, அவர் மேலே வரும் ஷாட். இடுப்பளவு தண்ணீரில் உட்காரவைத்து, எழச் சொன்னோம். தலை வந்தது, தண்ணீர் வழிந்தது, பையில் சிப்பி. சிரிக்கச் சொன்னார் டைரக்டர். அவருக்குச் சிரிக்க வரவில்லை. மச்சான் கரையிலிருந்து, "யோவ், உம்ம கல்யாணத்தன்னைக்கு நான் சேத்துல விழுந்தத நெனச்சுக்கிடும்" என்று கத்தினார். உடனே வந்துவிட்டது. நல்ல சிரிப்பு, பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு.

அதற்கு அடுத்த நாள் கடலுக்குப் போனோம். கேமராமேனுக்கு முந்தின ராத்திரியே வயிற்றைப் புரட்டி, லாட்ஜில் படுத்துவிட்டார். "நீயே எடு" என்றார் டைரக்டர். என் வாழ்க்கையில் நானாகக் கேமராவில் கண் வைத்து எடுத்த முதல் நாள் அது. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். வள்ளத்தில் நாங்கள் ஆறு பேர்: சுக்கான் பிடிக்கிறவர், டைரக்டர், நான், குளிக்கிறவர், துறைமுகத்து ஆள், மச்சான். வள்ளம் ஆட்டத்தில் ஸ்டாண்டு நிற்கவில்லை. மச்சானை என் காலடியில் குத்தவைத்து உட்காரச் சொல்லி, ஸ்டாண்டின் கால்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் டைரக்டர். ஆக, கயிறு பிடிக்க வேண்டிய கை ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

துறைமுகத்து ஆள் நல்லவன். ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன், கடலில் அதுதான் முதல் தடவை. ஒத்திகையில் மூன்று முறை கையை அசைத்துவிட்டான். மூன்று முறையும் டைரக்டர் கத்தினார். "நான் கட் சொல்கிற வரைக்கும் நீ கல்லு. என்ன நடந்தாலும் கை அசையக் கூடாது. புரிகிறதா?" அவன் பயந்துபோய், "புரியுதுங்கய்யா, அசைய மாட்டேன்" என்றான்.

வைட் ஷாட் முதலில் எடுத்தோம். சரியாக வந்தது. பேன் செய்து வள்ளத்திலிருந்து கரைப் பக்கம் போனேன். தூரத்தில் உப்பளத்து அம்பாரங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. பிறகு குளோசப்புக்கு லென்ஸ் மாற்றினேன், பிடியை முழுக்க முறுக்கினேன். குளிக்கிறவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மச்சான் கீழே இருந்தபடியே அவரிடம், "இன்னைக்கி நீவாடு கூடுதலா இருக்கு, சட்டுனு வந்திரும்" என்றார். நீவாடு என்பது நீரோட்டம். அவர் தலையை அசைத்துவிட்டுக் கல்லை மிதித்தார். பெரிய கல், சரசரவென்று இறங்கிவிட்டது.

டைரக்டர் வாட்சைப் பார்த்து முக்கால் நிமிடம் காத்திருந்து, "ஸ்டார்ட்" என்றார். பொத்தானை அழுத்தினேன்.

வ்யூ ஃபைண்டரில் அந்தக் கை மட்டும் இருந்தது. வேறு உலகமே இல்லை. கறுத்த விரல்கள், வெள்ளைக் கயிறு, ஓரத்தில் மின்னுகிற தண்ணீர். கயிறு ஒருமுறை வெட்டி இழுபட்டது. பிறகு இன்னொருமுறை. அது அடியிலிருந்து வரும் சைகை, 'தூக்கு' என்று அர்த்தம். எனக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்தவன், எனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? கை அசையவில்லை. கட் வரவில்லை. கயிறு மூன்றாம் முறை வெட்டி, பிறகு நிற்காமல் நடுங்க ஆரம்பித்தது. நடுக்கத்தில் கயிற்றிலிருந்து நீர்த்துளிகள் தெறித்து விரல்களில் விழுந்தன.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதை இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. அடடா, எவ்வளவு நல்ல ஷாட் என்று நினைத்தேன். வில் தீர்வதற்குள் டில்ட் பண்ண வேண்டுமே என்று நினைத்தேன்.

திடீரென்று ஃபிரேம் சரிந்தது. கை மறைந்து வானம் வந்தது, மறுபடி கயிறு வந்தது, அந்தக் கறுத்த விரல்களின்மேல் இன்னொரு கை பாய்ந்து விழுந்தது. மூன்று விரல்.

"இழுலே! ஏலே, இழுலே சவமே!"

மச்சான் ஸ்டாண்டை விட்டுவிட்டு எழுந்திருந்தார். கேமரா என் மார்பில் வந்து மோதியது. கண்ணை எடுத்தபோதுதான் வள்ளத்தில் மற்றவர்கள் இருப்பது தெரிந்தது. டைரக்டர் "கட், கட்" என்று கத்திக்கொண்டிருந்தார், ஷாட் கெட்டுவிட்டதே என்று. மச்சானும் சுக்கான்காரரும் துறைமுகத்து ஆளுமாகச் சேர்ந்து இழுத்தார்கள். நானும் கேமராவைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன், கடைசி ஆளாக.

குளிக்கிறவர் கல்லோடு சேர்ந்து மேலே வந்தார். புதுக் கயிறு தண்ணீரில் ஊறி இறுகி, மிதிவளையம் கணுக்காலைக் கவ்விக்கொண்டிருந்தது. மூக்கிலும் இடது காதிலும் ரத்தம். மச்சான் அவரைக் கவிழ்த்துப்போட்டு முதுகில் அடித்தார். அடித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே கெட்ட வார்த்தையாகத் திட்டினார். யாரைத் திட்டினார் என்று சொல்ல முடியாது, எல்லோரையும்தான். கொஞ்ச நேரத்தில் அவர் தண்ணீரைக் கக்கி மூச்சு விட்டார். துறைமுகத்து ஆள் இரண்டு கைகளையும் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். "அசையக் கூடாதுன்னாங்களே" என்று கரை வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

உயிர் பிழைத்துவிட்டது. இடது காது போய்விட்டது, வலது காதில் பாதி. இனிமேல் ஆழத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டைரக்டர் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து, கேமராவில் வில் தீர்ந்துவிடுமே என்ற அவசரத்தில் கவனிக்கவில்லை என்றார். அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எங்கண்ணன் அங்கன இல்லேன்னா என்ன ஆயிருக்கும், தம்பி?"

நான் ஆரஞ்சுப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெட்ராஸில் எடிட்டிங் நடந்தபோது கூடவே இருந்தேன். கயிறு ஒருமுறை நடுங்கும், அங்கே வெட்டி, கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் எடுத்த சிரிப்பு ஷாட்டை ஒட்டினார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. மச்சான் கை வரும் பகுதி ஆடிப்போயிருக்கிறது என்று எடிட்டர் கத்தரித்துக் கூடையில் போட்டார். நாற்பது ஃபிரேம் இருக்கும், ஒரு முழத்துக்கும் குறைவு. யாரும் பார்க்காதபோது எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அந்தப் படத்தைத் தூத்துக்குடியில் கடற்கரைப் பள்ளிக்கூட ஹாலில் திரையிட்டார்கள். புரொஜக்டர் ஓட்ட நானே வந்தேன். ஊர் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. தன் கை படத்தில் வருகிறது என்று மச்சான் டீக்கடை டீக்கடையாகச் சொல்லி வைத்திருந்தார்; கேமரா ஓடிக்கொண்டிருந்தபோதுதானே கை பாய்ந்தது, வராமல் எங்கே போகும்? "மூணு வெரல் ஸ்டார் வாராரு, வழி விடுங்கலே" என்று ஹால் வாசலில் அவரைக் கேலி செய்தார்கள். சலவைச் சட்டை போட்டிருந்தார். வெட்டிவிட்டார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு நாள் முழுக்க நேரம் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன், சொல்லவில்லை.

அவர்கள் மூன்று பேரும் புரொஜக்டருக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்கா நடுவில். உப்பு மூட்டைகள் வந்தன, வைட் ஷாட்டில் வள்ளம் வந்தது, தங்கள் கடலைத் தாங்களே பார்த்து ஜனங்கள் விசிலடித்தார்கள். குளோசப் வந்தது. கறுத்த விரல்கள், வெள்ளைக் கயிறு. மச்சான் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். கயிறு ஒருமுறை நடுங்கியது. அடுத்த நொடி தண்ணீரைப் பிளந்துகொண்டு குளிக்கிறவர் மேலே வந்து சிரித்தார். ஹாலில் ஒரே கைதட்டல். தன்னைத் திரையில் பார்த்த அவரும் தட்டினார். மச்சான் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், இனிமேல் வரும் என்று. முத்துச் சிப்பி வந்தது, சூரியன் வந்தது, படம் முடிந்தது.

விளக்கு போட்டதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே புரியாத முகம்.

"கயித்த யாருமே இழுக்கலியே தம்பி. பின்ன இவிய எப்படி மேல வந்தாவ?"

நான் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றிக்கொண்டேயிருந்தேன்.

குளிக்கிறவர் அவள் வாயசைவதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "என்னவாம்? என்ன கேக்கா?"

வேறு வழியில்லை. அவருடைய வலது காதருகில் குனிந்து சத்தமாகச் சொன்னேன். "ஒங்கள மேல இழுத்தது யாருன்னு கேக்காவ!"

அவர் என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். காது போனவர்கள் தம் குரலின் அளவு தெரியாமல் பேசுவார்கள். கலைந்துபோய்க்கொண்டிருந்த ஹால் மொத்தமும் நின்று திரும்பும்படி கத்தினார்.

"இது ஒரு கேள்வியா? எம் மச்சான்லா இழுத்தாவ!"

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் வலது கையைச் சலவைச் சட்டையின் பைக்குள் விட்டுக்கொண்டு எழுந்து வெளியே நடந்தார்.